லாரி பேக்கர்: எங்க பக்கத்து ஊர்க் கட்டடக்காரர்

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல மேற்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு மெட்ராஸ் ரொம்ப தூரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, நகை எடுக்கணுமா, வெளிநாடு போற பிள்ளையை விமானம் ஏத்தி விடணுமா, எல்லாத்துக்கும் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் அந்தப் பக்கத்தோட சேர்ந்துதான் இருந்தோம். பிறகு கோடு போட்டுத் தமிழ்நாட்டுல சேர்த்தாங்க. ஆனா மழையும் மண்ணும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதான். வீடு கட்டுற முறையும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அந்த ஊர் தன்னோட ஆளா நினைச்சுக் கொண்டாடுற ஒரு கட்டடக்காரர் இருந்தார். பேரு லாரி பேக்கர். பிறந்தது இங்கிலாந்துல பர்மிங்காம் நகரத்துல, 1917 மார்ச் 2. இறந்தது திருவனந்தபுரத்துல, 2007 ஏப்ரல் 1. சரியா 90 வயசு. அதுல பாதிக்கும் மேல இந்தியாவுல கழிஞ்சுது. கடைசி முப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல திருவனந்தபுரத்துலதான்.

"பிறந்தது வேற நாடு, அவரை எப்படி ஊர்க்காரர்னு சொல்றீங்க"ன்னு கேக்கலாம். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் எந்த ஊர்ல பிறந்தான்னு கேக்க மாட்டோம், எந்த ஊர்ல பெண்ணு கட்டி, பிள்ளை வளர்த்து, கிணறு தோண்டினான்னுதான் கேப்போம். அந்தக் கணக்குல பேக்கர் சாயிப்பு திருவனந்தபுரத்துக்காரர்தான். 1989-ல இந்தியக் குடியுரிமையும் வாங்கிட்டார். 1990-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இவரைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் "குறைஞ்ச செலவுல வீடு கட்டினவர்"னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அது பொய் இல்ல. ஆனா ஒரு விவசாயி பார்வையில இவரை நான் பாக்குறது வேற மாதிரி. ஒரு வீட்டுக்குச் செலவழிக்கிற காசு யார் கைக்குப் போய்ச் சேருதுன்னு கேட்டவர் இவர். அந்தக் கேள்வி ஒரு ஆபீஸ் மேசையில உக்காந்து வந்ததில்ல, குடும்பம் நடத்தி வந்தது. அதைச் சொல்லத்தான் இவரோட கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

பர்மிங்காம்ல கட்டடக் கலை படிச்சு முடிச்சதும் இரண்டாம் உலகப் போர் வந்துடுச்சு. அவர் குவேக்கர் நம்பிக்கைக்காரர். போர்ல ஆயுதம் எடுக்கிறதில்ல, எளிமையா வாழணும்ங்கிறது அவங்க வழி. துப்பாக்கி தூக்காம, அந்தச் சபைக்காரங்க நடத்தின ஆம்புலன்ஸ் குழுவுல சேர்ந்தார். அங்க மயக்க மருந்து கொடுக்கிற வேலையைப் பழகினார். அப்படியே சீனாவுக்குப் போய், உள்நாட்டுப் பகுதியில தொழுநோயாளிங்க கூட இருந்து வேலை செஞ்சார்.

உடம்பு தளர்ந்து ஊருக்குத் திரும்பும்போது கப்பலுக்காக பம்பாய்ல சில மாசம் காத்திருக்க வேண்டியதாச்சு. அப்போதான் காந்தியைப் பாத்தார். பேக்கர் அப்போ போட்டிருந்தது பழைய துணியை வச்சுக் கையால தச்ச செருப்பு. காந்தி அதைக் கவனிச்சு விசாரிச்சார்னு பேக்கரே பின்னால பல தடவை சொல்லியிருக்கார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் அந்த இடத்தைச் சுத்தி அஞ்சு மைல்ல கிடைக்கிறதா இருக்கணும்னு காந்தி சொன்னது அவர் மனசுல தங்கிடுச்சு. அஞ்சு மைல்னா எட்டு கிலோமீட்டர். எங்க ஊர்ல சாயங்காலம் மாட்டுக்குப் புல்லறுக்கப் போற தூரத்துல ரெண்டு மூணு மடங்கு, அவ்வளவுதான்.

1945-ல திரும்பவும் இந்தியாவுக்கு வந்தார். தொழுநோய் மிஷன் ஒண்ணு அவரைக் கட்டடக்காரரா வேலைக்கு எடுத்துச்சு. அந்த நேரத்துல தொழுநோய்க்குப் புது மருந்து வர ஆரம்பிச்சது. அதுவரைக்கும் நோயாளிங்களை அடைச்சு வைக்கிற இடமா இருந்ததை எல்லாம், வைத்தியம் பாத்து வீட்டுக்கு அனுப்புற ஆஸ்பத்திரியா மாத்தணும். அதுதான் இவர் வேலை. வெள்ளைக்காரங்களுக்குன்னு பங்களாவும் வேலைக்காரங்களும் இருந்த காலம். இவருக்கு அது பிடிக்கல. பைசாபாத்ல சாண்டின்னு ஒரு மலையாளி டாக்டர் வீட்டுல போய்த் தங்கினார். அந்த சாண்டியோட சகோதரிதான் எலிசபெத். அவங்களும் டாக்டர்.

ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. ஆனா ரெண்டு வீட்டுப் பக்கமும் எதிர்ப்பு இருந்துச்சு. கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணு, இங்கிலாந்து பையன், அந்தக் காலத்துல லேசா ஒத்துக்குவாங்களா? ஓடிப்போகல, சண்டை போடல. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டுக் காத்திருந்தாங்க. 1948-ல கல்யாணம் நடந்துச்சு.

கல்யாணம் ஆனதும் இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போனாங்க. இன்னைக்கு உத்தராகண்ட் மாநிலம், அந்தப் பக்கம் நேபாளம், மேல திபெத். சுத்திப் பாக்கத்தான் போனாங்க. ஆனா வந்திருக்கிறது டாக்டரம்மான்னு மலைக்காரங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ்வளவுதான், நோயாளிங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. விட்டுட்டுப் போக ரெண்டு பேருக்கும் மனசு வரல. அங்கேயே ஒரு வீடும் ஆஸ்பத்திரியும் கட்டி, பதினாறு வருஷம் இருந்துட்டாங்க.

அந்தப் பதினாறு வருஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டாக்டர் அந்தம்மா. கட்டடம் படிச்சவர் இவர். ஆபரேஷன் நடக்கும்போது மயக்க மருந்து கொடுக்கிறது, நோயாளியைப் பாத்துக்கிறது, ஆஸ்பத்திரிக்கு எது தேவையோ அதைச் செய்றது எல்லாம் இவர்தான். மனைவியோட தொழில்தான் குடும்பத்தோட முதல் தொழில். கணவன் அதுக்குத் துணை நின்னார். 1950-கள்ல எத்தனை ஆம்பளைங்க இதை முகம் சுளிக்காம செஞ்சிருப்பாங்க? இன்னைக்கே எத்தனை பேர் செய்றாங்க?

கட்டடத்துல அவருக்கு ரெண்டாவது படிப்பு நடந்ததும் அங்கதான். பர்மிங்காம்ல படிச்சது இரும்பும் சிமெண்டும் தொழிற்சாலை செங்கல்லும். மலையில இருந்தது கல்லு, மரம், மண்ணு, மாட்டுச் சாணி. படிச்ச புத்தகத்துல இதைப் பத்தி ஒண்ணுமே இல்லன்னு அவரே சொல்லியிருக்கார். ஆனா அந்த மலைக்காரங்க அதே கல்லையும் மண்ணையும் வச்சு, பனிக்கும் மழைக்கும் தாங்குற வீடு தலைமுறை தலைமுறையாக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகாம, அவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டார். படிச்சவங்க செய்றதுலயே கஷ்டமான வேலை இது. எங்க நிலத்துக்கு ஆலோசனை சொல்ல வர்ற படிச்ச பிள்ளைங்களைப் பாத்துப் பாத்து எனக்கு இது நல்லாவே தெரியும்.

1963-ல குடும்பம் கேரளத்துக்கு வந்துச்சு. முதல்ல வாகமண் மலையில சில வருஷம். அங்கேயும் ஆஸ்பத்திரி வேலை. 1970 வாக்குல திருவனந்தபுரம். அப்போ அவருக்கு வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. இன்னைக்கு நாம பேக்கர்னு கொண்டாடுற கட்டடங்கள்ல பெரும்பாலானது அதுக்கு அப்புறம் வந்ததுதான். ஐம்பது வயசுல "இனி என்ன இருக்கு"ன்னு உக்காந்துட்ட என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது ஒரு நல்ல சேதி.

அந்த நேரத்துல கேரளத்துல அச்சுத மேனன் முதலமைச்சர். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் உள்ளூர்ங்கிற இடத்துல (திருவனந்தபுரத்துல ஒரு பகுதியோட பேரே உள்ளூர்தான்) வளர்ச்சி ஆய்வு மையம்னு ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுக்குக் கட்டடம் கட்டுற வேலை பேக்கர் கைக்கு வந்துச்சு. பத்து ஏக்கர் மேடு பள்ளமான நிலம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை மூடிச் சமம் ஆக்குறதுதான் எல்லாரும் செய்றது. இவர் நிலம் எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டடத்தை ஏத்தி இறக்கினார். மரம் குறுக்க வந்தா மரத்தை வெட்டல, சுவரை வளைச்சார். நடுவுல ஏழு மாடி நூலகம். எல்லாம் பூசாத செங்கல். வெளியில கொதிக்கும்போதும் உள்ள காத்தோட்டமா இருக்கும்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற இந்தியன் காபி ஹவுசை உங்கள்ல பல பேர் பாத்திருப்பீங்க. செங்கல் நிறத்துல வட்டமா, சங்கு மாதிரி சுத்திச் சுத்தி மேல ஏறுற கட்டடம். இடம் சின்னது. அதுல மாடி மேல மாடியா தனித்தனித் தளம் போட்டா படிக்கட்டுக்கே இடம் போயிடும். அதனால தரையையே சாய்வா ஏத்திட்டார். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே வச்ச மேசையும் பெஞ்சும் கூடவே ஏறும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. அது வழியா வெளிச்சமும் காத்தும் வரும். காபி ஹவுசை நடத்துறது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். கேரளத்துல அது 1958-ல ஆரம்பிச்சது. வேலைக்காரங்களே முதலாளியா இருக்கிற கடைக்கு, வேலைக்காரன் கையை நம்பின கட்டடக்காரர். நல்ல பொருத்தம்.

பூந்துறையில மீனவர்களுக்கும் வீடு கட்டினார். எல்லாத்தையும் ஒரே நேர்வரிசையில நிறுத்தாம, முன்ன பின்ன தள்ளித் தள்ளி வச்சார். அப்போதான் முன் வீடு பின் வீட்டோட காத்தை மறைக்காது, வாசல்ல வலை பின்னவும் பிள்ளைங்க விளையாடவும் இடமும் கிடைக்கும்.

இனி அவர் செலவைக் குறைச்ச விதத்தைச் சொல்றேன். நகரத்துல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி மூணே மூணு.

ஒண்ணு, எலிப்பொறிக் கட்டு. சாதாரணமா ஒன்பது அங்குலச் சுவர்ல செங்கல்லைப் படுக்க வச்சு அடுக்குவாங்க. இதுல செங்கல்லைப் பக்கவாட்டுல நிறுத்தி ரெண்டு வரிசையா வைக்கணும். நடுவுல வெத்திடம் இருக்கும். ரெண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்க ஒரு கல்லு. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனா செங்கல் ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு மிச்சம், சாந்தும் மிச்சம். நடுவுல நிக்கிற காத்து வெயிலை உள்ள விடாது.

ரெண்டு, ஓடு வச்ச காங்கிரீட் கூரை. காங்கிரீட் தளத்துல மேல் பாதிதான் அமுக்கத்தைத் தாங்குது. கீழ்ப் பாதியில இழுவையைத் தாங்குறது கம்பி. அங்க காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்ல. அப்போ அந்தக் கீழ்ப் பாதியில கம்பிக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்டை வச்சிட்டா என்ன? தேவையில்லாத காங்கிரீட் குறையும், கனம் குறையும், கம்பியும் குறையும். கீழ இருந்து அண்ணாந்து பாத்தா ஓடு வரிசையா அழகாவும் தெரியும். பழைய வீடு இடிக்கிற இடத்துல உடைஞ்ச ஓடு சும்மா கிடக்கும், அதுவே போதும்.

மூணு, ஜன்னல். ஒரு சதுர அடி ஜன்னலுக்கு ஆகுற செலவு, அதே அளவு சுவருக்கு ஆகுறதைவிடப் பல மடங்கு. மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கொண்டி, கீல் எல்லாம் வேணுமே. வெளிச்சமும் காத்தும் மட்டும் போதும்ங்கிற இடத்துல, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினாலே ஜாலிச் சுவர் ஆயிடும். திறந்து மூடணும்னா, ஒரே ஒரு பலகையை மேலயும் கீழயும் முளை வச்சு நிறுத்தினா சுழலும். அதுவே ஜன்னல். எங்க மாவட்டத்துல பத்மநாபபுரம் அரண்மனையைப் பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. அங்க மரத்துல செஞ்சிருக்கிற அழிச் சுவரும் இதே வேலையைத்தான் செய்யுது. உள்ள இருக்கிறவங்களுக்கு வெளிய தெரியும், வெளிய இருக்கிறவங்களுக்கு உள்ள தெரியாது, காத்து மட்டும் தாராளமா வரும். ராஜாவுக்கு மரத்துல இருந்தது, பேக்கர் கையில ஏழைக்கும் செங்கல்லுல கிடைச்சது.

இதையெல்லாம் அவர் ரகசியமா வச்சுக்கல. வீட்டுச் செலவைக் குறைக்கிறது எப்படி, மண்ணை வச்சுக் கட்டுறது எப்படின்னு சின்னச் சின்னப் புத்தகமா எழுதினார். அவரே படம் வரைஞ்சு, கிண்டலோட, யாரும் படிக்கிற மாதிரி. 1985-ல அச்சுத மேனன், கே. என். ராஜ் இவங்களோட சேர்ந்து காஸ்ட்ஃபோர்டுங்கிற அமைப்பு உருவாச்சு. திருச்சூர்ல ஆரம்பிச்ச அந்த அமைப்பு இன்னைக்கும் அவர் முறையில வீடு கட்டிக்கிட்டு இருக்கு.

அவருக்குன்னு பெரிய ஆபீஸ் கிடையாது. வந்த கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கத்துலயும் பழைய கவர்லயும் படம் போடுவார். பிறகு நேரா வேலை நடக்கிற இடத்துக்குப் போயிடுவார். கொத்தனார் பக்கத்துல நின்னு, தேவைப்பட்டா தானே கல்லு எடுத்து வச்சுக் காட்டுவார். வீடு கட்டச் சொல்லி வர்றவங்ககிட்ட, எப்படி வாழுறீங்க, என்ன தேவைங்கிறதை முதல்ல கேப்பார். தேவையில்லாத படாடோபத்தைக் கேட்டா ஒத்துக்க மாட்டார். இதைப் படிப்புல வந்த கொள்கைன்னு நான் நினைக்கல. வீட்டுல மூணு பிள்ளைங்க, நேரங்கெட்ட நேரத்துல கதவைத் தட்டுற நோயாளிங்க, தங்க வர்ற சொந்தக்காரங்க, இத்தனையோட குடித்தனம் நடத்தின மனுஷனுக்கு வீடுன்னா என்னன்னு தெரியும். வீடு அடுத்தவன் பாக்குறதுக்கு இல்ல, உள்ள இருக்கிறவங்க புழங்குறதுக்கு.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில அவர் குடும்பத்துக்குக் கட்டின வீடே அதுக்குச் சாட்சி. பேரு 'தி ஹேம்லெட்'. இங்கிலீஷ்ல சின்னக் குக்கிராமம்னு அர்த்தம். மத்தவங்க வேண்டாம்னு தள்ளுற மாதிரி பாறைச் சரிவு, தண்ணி கஷ்டம். அந்த வீடு ஒரே மூச்சுல கட்டி முடிச்சது இல்ல. வருஷா வருஷம் தேவை வரவர ஒரு அறை, ஒரு திண்ணை, ஒரு சுவர்னு வளர்ந்துச்சு. இடிச்ச கட்டடத்துல இருந்து வந்த மரமும், வண்ண பாட்டிலும், உடைஞ்ச ஓடும் அதுல இருக்கு. நம்ம கிராமத்துல வீடு வளர்ந்ததும் இப்படித்தானே? மூத்தவனுக்குக் கல்யாணம்னா ஒரு அறை இறக்குவோம். மாடு ஈத்துன்னா ஒரு சாய்ப்பு இறக்குவோம்.

எலிசபெத் அம்மா, தன் கணவரைப் பத்தித் தானே ஒரு புத்தகம் எழுதினாங்க. 'தி அதர் சைடு ஆஃப் லாரி பேக்கர்', 2007-ல வந்துச்சு. பேக்கரோட இன்னொரு பக்கம்னு பேரு. உலகத்துக்குத் தெரிஞ்சது கட்டடம். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது அறுபது வருஷத்துக்கு ஒரு வருஷம் குறைவான குடித்தனம். கட்டடக்காரங்க பல பேருக்குப் புகழ் உண்டு. கூட வாழ்ந்தவங்க உக்காந்து எழுதுற அளவுக்கு வாழ்ந்தவங்க எத்தனை பேர்?

இனி குறையையும் சொல்லணும், இல்லன்னா இது புகழ்மாலை ஆயிடும். பூசாத செங்கல்லுல தூசி தங்கும், மழை அடிக்கிற பக்கம் பாசி பிடிக்கும். ஜாலிச் சுவர்ல கொசு வரும், சிலந்தி கூடு கட்டும், துடைக்கிற வேலை வீட்டுப் பொம்பளைங்க தலையில விழும். எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் ஒரே அளவா இருக்கணும், கொத்தனார் கை சுத்தமா இருக்கணும். ரெண்டுல எது தப்பினாலும் சுவர் கெட்டுடும். அப்புறம் சனங்க மனசு. "செங்கல் தெரியுதே, பூச காசு இல்லையா"ன்னு சொந்தக்காரன் கேட்டுடுவானோன்னு பயம். குறைஞ்ச செலவு வீடுன்னா ஏழை வீடுன்னு ஒரு முத்திரை விழுந்துடுச்சு. அதனாலேயே வசதியானவங்க ரசனைக்குக் கட்டினாங்க, யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்க கடன் வாங்கி காங்கிரீட் பெட்டி கட்டினாங்க. பேக்கர் விரும்பினதுக்கு நேர் எதிரா நடந்தது இது.

இப்போ நான் முதல்ல சொன்ன காசு விஷயத்துக்கு வர்றேன்.

நான் வாழையும் தென்னையும் கொஞ்சம் மரச்சீனியும் வச்சிருக்கிற சின்ன விவசாயி. எங்க அப்பா காலத்துல வாழைக் கன்னு பக்கத்து விளையில இருந்து வரும், உரம் தொழுவத்துல இருந்து வரும், கூலி ஊர்க்காரனுக்குப் போகும். ஒரு போகத்துக்குச் செலவழிக்கிற காசுல பெரும்பங்கு ஊருக்குள்ளேயே சுத்தும். என் காலத்துல உரம், மருந்து, கன்னு எல்லாத்துக்கும் காசு பஸ் ஏறி வெளியூர் போகுது. கூலி மட்டும்தான் ஊர்ல தங்குது. அதையும் குறைக்கத்தான் பாக்குறோம்.

வீடும் அதே கதைதான். அப்பா கட்டின வீட்டுக்கு மண்ணு எங்க விளையில எடுத்தது, மரம் எங்க பலாவும் அயினியும், ஓடு ஒண்ணுதான் விலைக்கு வாங்கினது. மிச்சம் எல்லாம் கூலி. கொத்தனார், ஆசாரி, மண்ணு குழைச்ச பெண்டுகள், எல்லாரும் உள்ளூர். இன்னைக்கு ஒரு வீடு கட்டினா சிமெண்ட், கம்பி, டைல்ஸ், பெயிண்டுன்னு காசு தொழிற்சாலைக்குப் போயிடுது. பேக்கர் கட்டின வீட்டுல பொருள் செலவு குறைஞ்சது, அந்த இடத்துக்குக் கை வேலை வந்தது. கல்லை வளைவா அடுக்கவும், ஜாலி போடவும், ஓட்டை அளவு பாத்து வைக்கவும் நேரம் ஆகும். அந்த நேரம் ஒருத்தன் வீட்டுல அடுப்பு எரியுற நேரம். சிமெண்ட் செய்யவும் இரும்பு உருக்கவும் எவ்வளவு எரிபொருள் போகுதுன்னும் அவர் ஓயாம சொல்லிக்கிட்டே இருந்தார். இன்னைக்கு எல்லாரும் பேசுறதை அவர் அப்போவே பேசினார்.

எங்க ஊர்ல ஒரு கொத்தனார் அண்ணாச்சி இருக்கார். எழுபதைத் தாண்டிட்டார். இளவயசுல திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போய் எலிப்பொறிக் கட்டு பழகினவர். போன வருஷம் அவரைக் கூட்டிட்டு வந்து எங்க தொழுவத்துச் சுவரை அந்த முறையில கட்டச் சொன்னேன். கூட வந்த பையன் ஆச்சரியமாப் பாத்தான். "இது நிக்குமா தாத்தா?"ன்னு கேட்டான். அண்ணாச்சி பதில் சொல்லல. நூல் பிடிச்சு, தூக்குக்குண்டு விட்டு, அடுத்த கல்லை வச்சார். சாயங்காலம் சாயா குடிக்கும்போது மட்டும் சொன்னார், "எனக்குப் பின்னால இந்த ஊர்ல இதை வைக்க ஆளில்லடே." பையன் அடுத்த நாளும் வந்தான். மூணாம் நாள் திருவனந்தபுரத்துல பெரிய அடுக்குமாடி வேலைக்குக் கூடுதல் கூலின்னு போயிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல. அவனுக்கும் வீட்டுல தங்கச்சி இருக்கு.

நான் கவலைப்படுறது இதுக்குத்தான். பேக்கர் கட்டின கட்டடம் இன்னும் பல வருஷம் நிக்கும். ஆனா அவர் நம்பினது கட்டடத்தை இல்ல, அதைக் கட்டுற கையை. அந்தக் கை இல்லாம போயிட்டா, அவரோட புத்தகம் அலமாரியிலதான் இருக்கும்.

சென்னையில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்குல்ல, 1996-ல திறந்தது, அதை வடிவமைச்சதும் பேக்கர்தான். அங்க செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடுன்னு பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டு வந்து திரும்ப நிறுத்தி வச்சிருக்காங்க. டிக்கெட் எடுத்து உள்ள போய், திண்ணையில உக்காந்து, "எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு"ன்னு சொல்லிட்டு வர்றோம். அதே மாதிரி வீடு உங்கள்ல பல பேருக்குச் சொந்த ஊர்ல இருக்கும். பூட்டிக் கிடக்கும். தாத்தா கட்டினது. பொங்கலுக்கு வரும்போது "இதை இடிச்சிட்டு மாடி வீடு போட்டா என்ன"ன்னு பேச்சு வரும்.

இடிக்கிறதும் வைக்கிறதும் உங்க இஷ்டம். ஓட்டு வீட்டுல இருந்து ஒழுகுறதைப் பாக்கிற கஷ்டம் எனக்கும் தெரியும், மூணு மழைக்கு ஒரு தடவை ஓடு மாத்துறவன் நான். ஆனா ஜேசிபியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, ஊர்ல மிச்சம் இருக்கிற வயசான கொத்தனாரையோ ஆசாரியையோ ஒரு தடவை கூட்டிட்டு வந்து சுவரைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. எது நிக்கும், எது நிக்காது, எதைப் பிரிச்சுத் திரும்ப வைக்கலாம்னு அவருக்குத் தெரியும். இடிச்சுத்தான் ஆகணும்னா ஓட்டையும் உத்தரத்தையும் குப்பையில போடாதீங்க, புது வீட்டுக் கூரைக்குள்ள வச்சுக்கலாம். முக்கியமா, அவர் கூட உங்க ஊர்ப் பையன் ஒருத்தனை நிறுத்தி, அவன் கூலியையும் சேர்த்துக் கொடுங்க.